உண்மையின் இடத்துப் பணியாளர்கள்: எகிப்திய அரசக் கல்லறைகளைக் குடைந்தவர்களின் ஊர்

எகிப்தியக் கலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களைக் கொண்டே தம் இயல்களைப் பிரித்துக்கொள்கின்றன. கூஃபுவின் பிரமிடு, முதலாம் சேத்தியின் கல்லறை, அரசி நெஃபர்தாரியின் ஓவியங்கள் என்று ஒவ்வொரு படைப்பும் யாருக்காக எழுப்பப்பட்டதோ அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. குடைந்தவர் யார், கோடு போட்டவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று கேட்டால், பண்டைய உலகின் பெருங்கட்டடங்களில் மிகப் பலவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. இந்த நிலைக்கு விலக்காக, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, வறண்ட குன்றுகளுக்கு நடுவில் ஒரு சிற்றூரின் அடித்தளச் சுவர்கள் எஞ்சி நிற்கின்றன. டெய்ர் எல்-மதீனா என்று இன்று அழைக்கப்படும் அந்த ஊரில் ஏறத்தாழ 400 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து அலங்கரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெயர்கள், ஊதியம், விடுப்புக் கணக்கு, வழக்கு, கடன், உயில், கனவு நூல், காதற்பாட்டு ஆகிய அனைத்தும் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பதால், எகிப்தியக் கலையை அரசனின் பெருமையாக மட்டுமன்றி மனிதர்களின் உழைப்பாகவும் படிக்க வழி பிறந்திருக்கிறது. வடிவத்தில் கடுமையும் ஒழுங்கும் நிறைந்த அக்கலையின் இயல்பை, அதைச் செய்தவர்களின் வேலைமுறையிலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்வதே மிகப் பொருத்தமானது.

பழைய அரசுக் காலத்தில் எகிப்தியர் தம் அரசர்களை நிலத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் கல் மலைகளுக்குள் வைத்தார்கள். கி.மு. 27ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னனுக்காக இம்ஹோதெப் சக்காராவில் எழுப்பிய, சுமார் 60 மீட்டர் உயரமுள்ள படிப் பிரமிடில் தொடங்கிய அந்த மரபு, கிசாவில் 146 மீட்டர் உயரத்தை எட்டியது. ஆனால் தொலைவிலிருந்தே தெரியும் கல்லறை திருடர்களுக்கும் தெரியும் என்பதை அடுத்தடுத்த நூற்றாண்டுகள் காட்டின. கி.மு. 1550 அளவில் தொடங்கிய புதிய அரசுக் காலத்தில் தீப்ஸ் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னர்கள், அதுவரை ஒன்றாக இருந்த இரண்டை வேறுவேறாகப் பிரித்தார்கள்: வழிபாட்டுக்குரிய நினைவுக் கோயிலை வயல்வெளியின் ஓரத்தில் எல்லோரும் காணும்படி கட்டி, உடலை மட்டும் மலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கில், பாறைக்குள் குடைந்த அறையில் மறைத்தார்கள். முதலாம் துத்மோஸ் மன்னனின் கட்டடப் பணிகளை மேற்பார்த்த இனெனி என்னும் அதிகாரி, அரசனுடைய கல்லறையைத் தாம் தனியே நின்று, பிறர் காணாமலும் கேளாமலும் குடைவித்ததாகத் தம் கல்லறைச் சுவரில் பதிந்து வைத்திருக்கிறார். அரசர்களின் பள்ளத்தாக்கு என்று இன்று அழைக்கப்படும் அவ்விடத்துக்கு மேலே அல்-குர்ன் என்னும் சிகரம் இயற்கையாகவே பிரமிடின் வடிவில் எழுந்து நிற்கிறது. மன்னர்கள் அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

மறைவாகக் குடைய வேண்டிய கல்லறைக்கு, அந்த வேலையை மட்டுமே செய்கின்ற நிலையான குழு ஒன்று தேவைப்பட்டது. ஊரைச் சுற்றியிருந்த மதிலின் மண் செங்கற்களில் முதலாம் துத்மோஸின் பெயர் முத்திரையிடப்பட்டிருப்பதால், ஊரின் எல்லை அவன் காலத்தில் வகுக்கப்பட்டது எனத் தெரிகிறது. ஊர் மக்களோ அவனுக்கு முன் ஆண்ட முதலாம் அமென்ஹோதெப்பையும் அவன் தாய் அஹ்மோஸ்-நெஃபர்தாரியையுமே தம் காவல் தெய்வங்களாக வணங்கி, விழா நாட்களில் அம்மன்னனின் திருமேனியைத் தெருவில் சுமந்து சென்று, தம் வழக்குகளுக்கு அதனிடம் குறி கேட்டுத் தீர்ப்புப் பெற்றார்கள். அவர்கள் வேலை செய்த பகுதிக்கு உண்மையின் இடம் என்று பெயர். உண்மை என்று இங்கே சுட்டப்படும் மாத் என்பது, நீதியையும் உலக ஒழுங்கையும் சேர்த்துக் குறிக்கும் எகிப்தியக் கருத்து. குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவரும் உண்மையின் இடத்துப் பணியாளர் என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டனர்.

மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள், நடுவே சென்ற ஒரு குறுகிய தெருவின் இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒவ்வொரு வீடும் முன்னிருந்து பின்னாக நீண்டு, நான்கு பகுதிகளைக் கொண்டிருந்தது. தெருவை ஒட்டிய முன்னறையில், பிள்ளைப்பேற்றையும் குடும்பத்தையும் காக்கும் குள்ள வடிவத் தெய்வமான பெஸ் தீட்டப்பட்ட மேடை ஒன்று பல வீடுகளில் இருந்தது. அதற்கு அடுத்து, மரத்தூண் தாங்கிய உயரமான கூடமும், பின் ஒரு சிற்றறையும், கடைசியில் அடுப்பும் மாவரைக்கும் கல்லும் கொண்ட திறந்த சமையற்கட்டும், அங்கிருந்து மாடிக்கு ஏறும் படியும் அமைந்தன. ஊருக்குள் கிணறு கிடையாது. தண்ணீர் நாள்தோறும் கழுதைகளின் முதுகில் வந்தது. விறகு வெட்டுபவர், மீன் பிடிப்பவர், காய்கறி பயிரிடுபவர், குயவர், வெளுப்பவர் என்று ஒரு துணைக்குழு வெளியிலிருந்து இந்த ஊருக்காக உழைத்தது. வயலே இல்லாத ஓர் ஊர், அரசனின் களஞ்சியத்தை மட்டுமே நம்பி உயிர் வாழ்ந்தது. பிற்காலத்தில் நேர்ந்த துன்பங்களுக்கு வேர் இந்த அமைப்பிலேயே இருந்தது.

வேலைக்குழு, ஒரு கப்பலின் மாலுமிகளைப் போல, வலப்பக்கம் இடப்பக்கம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பக்கத்துக்கு ஒரு தலைவனும் ஒரு துணைத் தலைவனும் இருக்க, இரண்டுக்கும் பொதுவாக எழுத்தர் கணக்கு வைத்தார். பெரும்பாலும் 40 முதல் 60 பேர் வரை இருந்த இக்குழு, நான்காம் ராமேசஸ் காலத்தில் 120 பேராகப் பெருகியது. எகிப்தியரின் வாரம் பத்து நாட்கள் கொண்டது. பணியாளர்கள் எட்டு நாட்கள் மலைமேல் இருந்த சிறு கல் குடில்களில் இரவு தங்கி, பகலில் பள்ளத்தாக்கில் வேலை செய்து, இரண்டு நாட்கள் ஊருக்குத் திரும்பினர். இவற்றோடு விழா நாட்களும் சேர்ந்ததால், ஆண்டு முழுவதும் ஓயாது கசையடி வாங்கி உழைத்த அடிமைகள் என்ற பொதுவான எண்ணத்துக்கு இவர்கள் வாழ்க்கை சிறிதும் பொருந்துவதில்லை. இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆண்டுக்குரிய, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய கல்சில்லு ஒன்று, 40 பணியாளர்களின் வருகையை 280 நாட்களுக்குப் பதிவு செய்கிறது. நாட்களுக்கு மேலே சிவப்பு மையில் விடுப்புக்கான காரணங்கள் குறிக்கப்பட்டுள்ளன: ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண் நோய், ஒருவன் பீர் காய்ச்சினான், ஒருவன் தன் தாயின் உடலைப் பதப்படுத்தச் சென்றான், ஒருவன் வீட்டில் மனைவியோ மகளோ மாதவிலக்காக இருந்தாள்.

ஊதியம் தானியமாக அளக்கப்பட்டது. சாதாரணப் பணியாளன் ஒருவனுக்கு மாதம் நான்கு கார் கோதுமை ரொட்டிக்கும், ஒன்றரைக் கார் வாற்கோதுமை பீருக்கும் கிடைத்தன. கார் என்பது ஏறத்தாழ 77 லிட்டர் கொள்ளும் அளவை. குழுத் தலைவனுக்கு ஐந்தரைக் கார் கோதுமையும் இரண்டு கார் வாற்கோதுமையும் அளக்கப்பட்டன. ஒரு குடும்பம் உண்டு மீந்ததை மாற்றிப் பிற பொருள் வாங்கிக்கொள்ள இது போதுமானதாக இருந்தது. இவற்றோடு மீன், காய்கறி, விறகு, பானை ஆகியனவும் வந்தன. ஓய்வு நேரத்தில் அவர்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சவப்பெட்டி செய்து, வண்ணம் தீட்டி விற்றார்கள். அவற்றின் விலை, நாணயம் இல்லாத அக்காலத்தில் 91 கிராம் அளவுள்ள தெபென் என்னும் செம்பு எடையால் கணக்கிடப்பட்டது. அதே செம்பு, அரசனின் உளியாகக் கையில் வந்தபோது கடுங்காவலுக்கு உட்பட்டது. உளிகள் எடைபோட்டுக் கொடுக்கப்பட்டு, முனை மழுங்கியபின் எடைபோட்டுத் திரும்பப் பெறப்பட்டன.

அரசன் முடிசூடியதும் கல்லறைக்கான இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவன் எத்தனை ஆண்டு வாழ்வான் என்பது எவருக்கும் தெரியாது. அவன் இறந்தால், உடலைப் பதப்படுத்த ஆகும் 70 நாட்களுக்குள் எஞ்சியதை முடித்தாக வேண்டும். அரசர்களின் பள்ளத்தாக்கில் முழுமையாக நிறைவுற்ற கல்லறை அரிது என்பதற்கு இதுவே காரணம். இரண்டாண்டு கூட ஆளாத முதலாம் ராமேசஸின் கல்லறை ஒரு சிறு அறையோடு நின்றுவிட, அவன் மகன் முதலாம் சேத்தியின் கல்லறை 130 மீட்டருக்கும் மேல் பாறைக்குள் இறங்கிச் செல்கிறது. பாறை வெட்டுபவர் மரக் கொட்டாப்புளியால் செம்பு உளியையும் வெண்கல உளியையும் அடித்து, சுண்ணாம்புப் பாறையைச் சில்லு சில்லாகப் பெயர்த்தார்கள். பாறைக்குள் தீக்கல் கட்டிகள் குறுக்கிட்டால் அங்கே வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. பெயர்த்த சில்லுகளைக் கூடை கூடையாக மற்றவர் வெளியே சுமந்தனர். மேலே நூல் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, செம்மண் கோட்டால் நடு அச்சைக் குறித்து முன்னேறிய அந்த வேலையில் பிழை நேராமல் இல்லை. மன்னன் செத்நக்த்துக்காகக் குடையத் தொடங்கிய சுரங்கம் ஓரிடத்தில் அருகிலிருந்த அமென்மெஸ்ஸே என்பவனின் கல்லறையை இடித்துத் திறந்துவிட, வேலை அங்கே கைவிடப்பட்டது. பின்னர் மூன்றாம் ராமேசஸ் அதையே எடுத்துக்கொண்டு, அச்சைப் பக்கவாட்டில் விலக்கி, மீண்டும் நேராகத் தொடர்ந்தான். அந்த வளைவை இன்று அக்கல்லறைக்குள் நடப்பவர் நேரில் காணலாம்.

பாறைக்குள் வெளிச்சம் புகாது. எண்ணெய் அல்லது கொழுப்பில் தோய்த்த துணித் திரிகளின் ஒளியிலேயே எல்லா வேலையும் நடந்தது. ஒரு நாளில் எத்தனை திரிகள் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டன, காலையில் எத்தனை, பிற்பகலில் எத்தனை என்று எழுத்தர் குறித்துவைத்தார். இருளில் பெருந்தெய்வங்களின் முகங்களை இத்தனை நுட்பமாகத் தீட்டியவர்கள் திரி எண்ணிக் கொடுக்கப்பட்ட வெளிச்சத்தில் அதைச் செய்தார்கள் என்பது, அந்த ஓவியங்களின் மதிப்பை இன்னும் பல மடங்கு உயர்த்துகிறது.

சுவர் சமமாக்கப்பட்டு, பாறை நல்ல தரத்தில் இல்லாத இடங்களில் சாந்து பூசப்பட்ட பின், கோட்டு எழுத்தர் என்று அழைக்கப்பட்ட வரைஞர் வந்தார். செங்காவிக் குழம்பில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டி, சம அளவு கட்டங்களை அவர் பதித்தார். நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்கால் முதல் முடி தொடங்கும் கோடு வரை 18 கட்டங்கள், முழங்கால் ஆறாவது கோட்டில், கழுத்தும் தோளும் சேருமிடம் பதினாறாவது கோட்டில், அமர்ந்த உருவத்துக்கு 14 கட்டங்கள் என்பது வழிவழியாக வந்த விதி. எத்தனை பெரிய சுவரானாலும் எத்தனை கைகள் சேர்ந்து வேலை செய்தாலும் உருவங்களின் விகிதம் ஒன்றாகவே அமைய இந்த முறை உதவியது. கோடு பிசகாமல் இழுத்துச் சுண்டும் நூலுக்கும் அளவுகோலுக்கும் இங்கே இருந்த இடத்தைக் காணும்போது, எகிப்திய ஓவியத்தில் தனிமனிதத் திறமை ஒடுக்கப்பட்டது என்று சில நூல்கள் கூறுவது மிகையாகவே படுகிறது. விதி விகிதத்தைத்தான் கட்டியது. ஒரே கட்டத்துக்குள் ஒரு வரைஞரின் கோடு உயிரோடு ஓடுவதையும் மற்றொருவரின் கோடு தயங்குவதையும் சுவர்கள் வெளிப்படையாகவே காட்டுகின்றன.

முகத்தையும் கால்களையும் பக்கவாட்டிலும், கண்ணையும் தோள்களையும் நேராகவும் காட்டும் எகிப்திய உருவமுறை, கண்ணுக்கு ஒரு கணத்தில் தெரியும் தோற்றத்தைப் பதிப்பதற்காக ஏற்பட்டதன்று. ஒரு பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் அது முழுமையாக விளங்கும் கோணத்தில் வைத்து, அதன் நிலையான உண்மையைப் பதிப்பதே அதன் நோக்கம். கல்லறை ஓவியம் பார்வையாளருக்காக வரையப்படவில்லை. வாயில் மூடி முத்திரையிடப்பட்டபின், இறந்தவருக்குத் தேவையானவை அனைத்தும் அந்த உருவங்களின் ஆற்றலால் நிகழ வேண்டும் என்பதே நம்பிக்கை. எனவே ஓர் உறுப்பு மறைந்திருந்தால் அது குறையாகவே எண்ணப்பட்டது. இந்த எண்ணமுறை ஓவியத்தோடு நிற்கவில்லை என்பதற்குத் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பப்பைரஸ் சான்றாகிறது. நான்காம் ராமேசஸின் கல்லறைக்குரிய தரைப்படமான அதில், அறைகள் மேலிருந்து பார்த்தவாறு வரையப்பட்டிருக்க, கதவுகள் மட்டும் முன்னிருந்து பார்த்தவாறு படுக்க வைத்துக் காட்டப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறையின் நீள அகல உயரங்கள் சுமார் 52 சென்டிமீட்டர் கொண்ட அரச முழத்தால் எழுதப்பட்டுள்ளன. கல் சவப்பேழையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புகள் வரையப்பட்டிருப்பது, 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் துதன்காமுன் கல்லறையைக் கண்டபின், அங்கே பேழையை மூடி நின்ற நான்கு பொன்தகடு வேய்ந்த மரக்கூடங்களால் தெளிவாகியது. அக்கல்லறை தப்பியதற்கும் இந்த ஊராரே ஒரு காரணம். ஆறாம் ராமேசஸின் கல்லறையைக் குடைய வந்தவர்கள், கீழே ஒரு வாயில் இருப்பதை அறியாமல், அதன்மேலேயே தம் குடில்களைக் கட்டி அதை மூடிவிட்டார்கள்.

வேலையின் படிநிலைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் காண, 1908இல் கண்டெடுக்கப்பட்ட ஹோரம்ஹெப் மன்னனின் கல்லறையை விடச் சிறந்த இடம் இல்லை. அங்கே ஒரு சுவரில் சிவப்புக் கோட்டால் இளையவர் வரைந்த உருவமும், அதன்மேல் கறுப்பு மையால் தலைமை வரைஞர் செய்த திருத்தமும் அப்படியே நிற்கின்றன. அடுத்த பகுதியில் சிற்பி உருவத்தைச் சுற்றியுள்ள பரப்பைச் செதுக்கிப் புடைப்புச் சிற்பமாக எழுப்பத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார். வேறு பகுதிகளில் வண்ணம் நிறைவுற்றிருக்கிறது. அதற்கு முந்தைய மன்னர்களின் கல்லறைகளில் சுவர்கள் பூச்சின்மேல் வண்ணத்தால் மட்டுமே தீட்டப்பட்டிருக்க, புடைப்புச் சிற்பம் இங்கேதான் முதன்முறையாக வருகிறது. சூரியன் இரவின் பன்னிரண்டு மணி நேரத்தில் கடக்கும் வாயில்களை விவரிக்கும் வாயில்களின் நூல் என்னும் சமயப் பனுவலும் இங்கேயே முதலில் தோன்றுகிறது. முதலாம் சேத்தியின் கல்லறையிலும் ஓர் அறை கோட்டோவியத்தோடு மட்டும் விடப்பட்டிருக்கிறது. 1817இல் பெல்சோனி அதைத் திறந்தபோது கண்ட அக்கோடுகளின் உறுதியைப் பார்க்கும்போது, சிற்பியின் உளி படாமல் போனது நற்பேறே என்று சொல்லத் தோன்றுகிறது.

வண்ணங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுக்கப்பட்டவை. சிவப்பும் மஞ்சளும் காவிக்கல்லிலிருந்தும், கறுப்பு கரியிலிருந்தும், வெள்ளை சுண்ணாம்பு, ஜிப்சம் போன்றவற்றிலிருந்தும் கிடைத்தன. நீலம் மட்டும் மனிதன் செய்த பொருள். மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது, நேட்ரான் என்னும் இயற்கை உப்பு ஆகியவற்றை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் சுட்டு, கிடைத்த கட்டியை அரைத்து எடுத்த இந்த எகிப்திய நீலம், உலகில் செயற்கையாக உருவாக்கப்பட்ட மிகப் பழைய நிறப்பொருள்களுள் ஒன்று. 1904இல் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி கண்டெடுத்த அரசி நெஃபர்தாரியின் கல்லறையில், பாறை நொறுங்கும் தன்மையுடையதாக இருந்ததால், கனமான சாந்து பூசி அதிலேயே புடைப்பு உருவங்களை அமைத்து இந்த வண்ணங்களைத் தீட்டினார்கள். பாறையில் இருந்த உப்பு நீரில் கரைந்து வெளிவந்து படிகமாகிச் சாந்தைத் தள்ளியதால் பெயர்ந்த அந்த ஓவியங்களை, 1986 முதல் 1992 வரை எகிப்தியத் தொல்லியல் துறையும் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து நிலைப்படுத்தின.

அரசனுக்காக இருளில் உழைத்தவர்கள், ஓய்வு நாட்களில் தமக்காகவும் குடைந்துகொண்டார்கள். ஊரின் மேற்குச் சரிவில் அவர்களுடைய கல்லறைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிறு வழிபாட்டு அறையும், அதன் உச்சியில் சுடாத செங்கல்லால் கட்டிய கூர்மையான சிறு பிரமிடும் இருந்தன. மன்னர்கள் கைவிட்ட பிரமிடை அவர்களுடைய பணியாளர்கள் எடுத்துக்கொண்டது, எகிப்தியக் கட்டடக்கலை வரலாற்றில் சிந்திக்கத்தக்க ஒரு திருப்பம். அரசர்க்கு உரியதாக இருந்த மறுவாழ்வு காலப்போக்கில் எளியோருக்கும் உரியதாகியதை அந்தச் செங்கல் கூம்புகள் தெரிவிக்கின்றன. 1886இல் சிதையாமல் கிடைத்த சென்னெஜெம் என்பவரின் புதையறை, சுமார் ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. அதற்குள் அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த 20 உடல்கள் இருந்தன. மஞ்சள் பின்னணியில் தீட்டப்பட்ட அதன் கிழக்குச் சுவரில், சென்னெஜெமும் அவர் மனைவி ஈநெஃபர்த்தியும் தூய வெள்ளாடை அணிந்து மறுமையின் வயலில் உழுது, விதைத்து, அறுக்கிறார்கள். நிலம் இல்லாத ஊரில் வாழ்ந்தவருக்குத் துறக்கம் என்பது ஆளுயரம் வளரும் கதிர்களும் நீர் நிறைந்த வாய்க்கால்களும் கொண்ட விளைநிலமாகவே தோன்றியிருக்கிறது. பஷேது என்பவரின் கல்லறையில் அவர் காய்த்துத் தொங்கும் பனையின் அடியில் குனிந்து நீர் பருகுகிறார். குழுத் தலைவர் இன்ஹெர்காவுவின் கல்லறையில் சூரியனின் பூனை, இருளின் பாம்பான அபெப்பைக் கத்தியால் வெட்டுகிறது. அரசக் கல்லறையின் கண்டிப்பான பனுவல்களுக்கு இடமில்லாத இந்த நெருக்கமும் இல்லற அன்பும், அதே கைகளிலிருந்து வந்தவை.

1906இல் ஸ்கியாபரெல்லியே கண்டெடுத்த கா, மெரித் தம்பதியின் கல்லறை, இவர்களுள் மேல்நிலையில் இருந்தவரின் செல்வத்தைக் காட்டுகிறது. இரண்டாம் அமென்ஹோதெப் முதல் மூன்றாம் அமென்ஹோதெப் வரை மூன்று மன்னர்களின் காலத்தில் பணிகளை மேற்பார்த்த காவின் உடைமைகளோடு, மன்னன் அளித்த பொன்தகடு வேய்ந்த முழக்கோலும் இருந்தது. அவர் அன்றாடம் பயன்படுத்திய, மடித்து வைக்கத்தக்க எளிய மர முழக்கோலும் அங்கேயே இருந்தது. இரண்டும் இப்போது தூரினில் உள்ளன.

ஊரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அடிப்படை, கல்லறையைக் குடைந்தபோது உதிர்ந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளும் உடைந்த பானை ஓடுகளும். ஆஸ்ட்ரகா என்று அறிஞர் அழைக்கும் இவை, பப்பைரஸைப் போலன்றிச் செலவில்லாத எழுதுபலகைகளாக இருந்தன. 1922 முதல் 1951 வரை பிரெஞ்சுக் கீழைத் தொல்லியல் நிறுவனத்துக்காக இங்கே அகழ்ந்த பெர்னார் ப்ரூயேர், ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்காகிவிட்ட ஒரு பெரும் பள்ளத்திலிருந்து மட்டுமே ஆயிரக்கணக்கில் இவற்றை எடுத்தார். செக் நாட்டு அறிஞர் யாரோஸ்லாவ் செர்னி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றைப் படித்து வெளியிடுவதில் செலவிட்டார். சலவைக்குக் கொடுத்த துணிகளின் பட்டியல், கழுதை வாடகை பற்றிய வழக்கு, மாணவர் படியெடுத்த பாடங்கள் ஆகியவற்றோடு, விதிகள் எதற்கும் கட்டுப்படாத ஓவியங்களும் இச்சில்லுகளில் உள்ளன. எலிச் சீமாட்டிக்குப் பூனை பணிவிடை செய்கிறது; பின்புறமாக வில்லென வளைந்த நடனப் பெண்ணின் கூந்தல் தரையில் புரள்கிறது; சவரம் செய்யாத முகமும் திறந்த வாயும் வழுக்கைத் தலையுமாகக் கல்வெட்டுபவன் ஒருவன் கொட்டாப்புளியை ஓங்குகிறான். கேம்பிரிட்ஜில் உள்ள இந்தக் கடைசி ஓவியம், அந்த ஊரார் தம்மைத் தாமே எப்படிக் கண்டார்கள் என்பதைக் காட்டும் அரிய சான்று. காண்பதைக் காண்பவாறே வரைய எகிப்தியருக்குத் தெரியாது என்ற பழைய கருத்தை மறுக்க இந்தக் கல்சில்லுகளே போதும். தெரிந்திருந்தும் கல்லறைச் சுவரில் அவர்கள் அப்படி வரையவில்லை.

மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், களஞ்சியத்திலிருந்து தானியம் வருவது தடைப்பட்டது. மன்னனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கான ஏற்பாடுகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. மாதத்தில் 18 நாட்கள் கழிந்தும் ஊதியம் வராமல் பசியால் வாடிய குழுவினர், வேலையை நிறுத்திக் காவல் சுவர்களைக் கடந்து இறங்கி வந்து, மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்புறம் அமர்ந்தார்கள். அடுத்த நாட்களில் இரண்டாம் ராமேசஸின் நினைவுக் கோயில் வளாகத்துக்குள்ளும் புகுந்து, உடையும் எண்ணெயும் மீனும் காய்கறியும் இன்றித் தவிப்பதை அரசனுக்கும் அமைச்சருக்கும் எழுதுமாறு அதிகாரிகளிடம் கோரினார்கள். ஒரு பகுதி ஊதியம் வந்தது. மீண்டும் தாமதம் நேர்ந்தது. மீண்டும் அவர்கள் இறங்கி வந்தார்கள். வரலாற்றில் எழுத்துச் சான்றோடு கிடைக்கும் முதல் வேலைநிறுத்தம் என்று கருதப்படும் இதை, நாள் வாரியாகக் குறித்து வைத்தவர் அவ்வூர் எழுத்தர் அமென்நக்த். நான்காம் ராமேசஸின் கல்லறைத் தரைப்படமும், பாலைநிலத்துப் பொன் சுரங்கங்களையும் கல் அகழ்விடங்களையும் பாறை வகைக்கேற்ற நிறத்தோடு காட்டும் புகழ்பெற்ற வரைபடமும் அவர் கையால் ஆனவை என்றே கருதப்படுகின்றன.

அதன் பின்னர் வந்த மன்னர்களின் காலத்தில் விலைகள் ஏறின, மேற்கிலிருந்து லிபியக் கூட்டத்தினர் வந்து வேலையைத் தடுத்தார்கள், கல்லறைகள் கொள்ளை போயின. அரசுக்குரிய கல்லையும் கருவிகளையும் குழுத் தலைவன் ஒருவனே தன் கல்லறைக்குப் பயன்படுத்தியதாக அதற்கு முன்பே புகார் எழுந்திருந்தது. பனெப் என்னும் அத்தலைவன்மேல் எழுதப்பட்ட குற்றப் பட்டியல் ஒரு பப்பைரஸில் உள்ளது. ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆண்டில் நடந்த விசாரணையிலோ, கல்வெட்டுபவர்களும் கைவினைஞர்களுமே அரசக் கல்லறை ஒன்றை உடைத்துப் பொன்னை உரித்ததாக வாக்குமூலம் அளித்தார்கள். பசித்த குடும்பங்களின் கைக்கு எட்டும் தொலைவில் பொன் இருந்தது, அதை அடையும் வழியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களைக் கள்வர் என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் நூல்கள், களஞ்சியம் வெறுமையாக இருந்ததை மறந்துவிடுகின்றன.

பதினோராம் ராமேசஸின் காலத்தில் ஊர் கைவிடப்பட்டது. எஞ்சியவர்கள் மூன்றாம் ராமேசஸின் நினைவுக் கோயிலான மதீனத் ஹபுவின் உயர்ந்த மதில்களுக்குள் குடிபெயர்ந்தனர். புதிய கல்லறை குடையும் வேலை நின்றுவிட்டதால், அவர்களுக்கு வேறொரு பணி வந்து சேர்ந்தது. கொள்ளையிடப்பட்ட கல்லறைகளிலிருந்து அரசர்களின் உடல்களை எடுத்து, எஞ்சிய பொன்னை அரசின் தேவைக்காக நீக்கி, புதுத் துணியில் சுற்றி, மறைவிடங்களில் அடுக்கும் பணி அது. அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் புத்தேஹாமுன் என்னும் எழுத்தர். தீப்ஸின் குன்றுகள் எங்கும் தம் பெயரைக் கீறிவைத்த இவர், அமென்நக்தின் நேர் வழித்தோன்றல். 1881இல் டெய்ர் எல்-பஹ்ரி அருகே குன்றின் பிளவொன்றில் வெளிவந்த அரச உடல்களின் தொகுதியில், முதலாம் சேத்தி, இரண்டாம் ராமேசஸ் ஆகியோரோடு மூன்றாம் ராமேசஸும் இருந்தார். அவரைச் சுற்றியிருந்த துணியில், தலைமைக் குரு பினுஜெமின் ஆணைப்படி அவ்வுடலைச் செப்பனிட்டவர்களுள் புத்தேஹாமுனின் பெயரும் மையால் எழுதப்பட்டிருக்கிறது. களஞ்சியம் திறக்கக் கோரிப் பணியாளர்கள் கோயில் வாயிலில் அமர்ந்ததை அமென்நக்த் குறித்துவைத்தது இந்த அரசனின் ஆட்சியில்தான்.